அகஸ்டஸுக்கு வயதாகவில்லை

கதவைத் திறந்த நரைத்த கொண்டைக்காரியைக் கண்டதும் ஸ்ரீதரனுக்குப் பகீரென்றது. தாயும் கூட இருப்பதாகத் துர்க்கா ஒரு சொல் எழுதவில்லையே!

சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியிலுள்ள துர்க்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு வருவதற்கென்றே மனிசன் காலையில் தலைக்கு மை அடித்து, மீசையையும் விடாமல் கறுப்பாக்கியிருந்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். பழங்காசு சேர்க்கிறவர்களின் வட்ஸ்அப் குழுவில் துர்க்காவோடு பழக்கம், அதுவும் எழுத்தில் மட்டும்.

துர்க்கா அனுப்பிய படத்தில் கன்னங்கரிய பின்னலோடு நாற்பது வயசுப் பெண். பதிலுக்கு இவர் அனுப்பியதும் நாற்பது வயசுப் படம்தான். என்ன, எடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

“ஸ்ரீதரன் வரேல்லையோ? நீங்கள் தமையனோ?” என்று அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

ஓம் என்று சொல்லித் தப்பிவிட வாய் உன்னியது. ஆனால் பொய்யை வைத்து எத்தனை நாள்தான் ஓட்டுவது? துர்க்கா கைவிட்டுப் போய்விடுவாளே என்ற பயத்தோடு, அவளுக்குக் காட்டவென்று கொண்டுவந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரோமாபுரி வெள்ளிக்காசு ஒன்று.

“நான்தான் ஸ்ரீதரன், அன்ரி. படம் பழசு. இதில இருக்கிற அகஸ்டஸ் ராசாவைப் பாருங்கோ. எழுபத்தைஞ்சு வயசில சாகுமட்டும் காசில இளந்தாரிதான். ராசாவே அப்பிடியெண்டா நான் எம்மாத்திரம்?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. ராசாவின் முகத்தில் விரல் படாமல், காசின் விளிம்பை மட்டும் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்தினார். திருப்பி, பின்பக்கத்தில் கேடயத்தோடு நிற்கிற ராசாவின் பேரன்மார் இருவரையும் பார்த்தார்.

ஸ்ரீதரனின் கண்ணெல்லாம் உள்ளறைக் கதவில் இருந்தது. இப்போது வந்துவிடுவாளோ, வந்து என்ன சொல்லுவாளோ!

“மகளிட்டை நீங்கள்தான் பக்குவமாச் சொல்லவேணும், அன்ரி. ஏசினாலும் பரவாயில்லை, என்னோட கதைக்காமல் மட்டும் விட்டிடவேண்டாம்.”

அந்த அம்மா காசைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கதிரையைக் காட்டி, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதா என்று கேட்டார். பிறகு தன் நரைத்த கொண்டையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“முதல்ல உந்த அன்ரியை விடுங்கோ. நான்தான் துர்க்கா.”