பட்டினித் தொட்டி

கோடு எழவில்லை.

மூன்றாவது முறை. அதே மீன், அதே தசைத் துணுக்கு, புதுக் கையுறை, புதுச் சோதனை மருந்து. எந்த மரபணு விழித்திருக்கிறது என்று காட்டும் பிசிஆர் இயந்திரத்தின் திரையில் மற்ற கோடுகளெல்லாம் மேலே ஏறின. அவளுக்கு வேண்டிய ஒன்று மட்டும் தரையோடு படுத்துக் கிடந்தது.

இருபத்தோரு நாள் தீனி போடாத கொடுவா மீன். அத்தனை நாள் வயிறு காய்ந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னத் தொடங்கும். அதற்கு உத்தரவு போடுகிற மரபணு ஒன்று உண்டு. பட்டினியில் அது விழித்தே ஆக வேண்டும்.

இதுவோ வயிறு நிறைந்து உறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருட ஆராய்ச்சி அந்த ஒரு கோட்டை நம்பி நின்றது.

“அந்த மரபணுவ விட்டுட்டு மத்தத வச்சு எழுதிடும்மா. மே மாசத்துக்குள்ள தீசிஸ் குடுக்கணும்ல,” என்றார் ஆய்வு நெறியாளர்.

“இல்ல சார்.”

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இயந்திரம் சரி. மருந்து சரி. தன் கையையும் மூன்று முறை சந்தேகப்பட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது மீன்.

பண்ணை நோட்டை எடுத்தாள். நாள் ஒன்று முதல் இருபத்தொன்று வரை அவள் கையெழுத்து. இழப்பு இல்லை. வாலில் கடி இல்லை. இழப்பு இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பெருமையாக எழுதி வைத்திருந்தாள்.

பசித்த கொடுவா பக்கத்து மீனின் வாலைக் கடிக்கும். மீன்வளக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

இவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள்.

வெட்கமாக இருந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அக்கா வலையை அலசிக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை.

“நெழலக் கண்டாலே மேல வந்து வாயத் தொறக்கு. பாத்துட்டு எப்படிம்மா சும்மா போறது? தெனம் காலைல ஒரு கைதான் போட்டேன். நீ வாரதுக்கு முன்னால.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்ததை அவளால் மறுக்க முடியவில்லை. மரபணு பொய் சொல்லவில்லை. அவளைவிட அதுதான் ஒழுங்காக நோட்டு எழுதியிருந்தது.

அதே பொரிப்பில் பிறந்த மீன்கள் இன்னும் ஒரே ஒரு தொட்டியில் இருந்தன. நாற்பது. இதுவும் கெட்டால் அடுத்த பொரிப்புவரை காத்திருக்க அவளுக்கு நாள் இல்லை.

தீனி அறைச் சாவியைக் கேட்டாள். லூர்து அக்கா எடுத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எல்லாத் தொட்டிக்கும் அவளே தீனி போட்டாள். அந்த ஒன்றைத் தவிர.

நாள் மூன்று. பக்கத்துத் தொட்டியில் தீனி விழும் சத்தம் கேட்டு இங்கே நாற்பதும் அந்தப் பக்கமாக ஒதுங்கின.

நாள் ஐந்து. முதல் கடி. நோட்டில் எழுதினாள். எழுத்து நேராகத்தான் இருந்தது.

நாள் எட்டு. நிழல் விழாதபடி மறுபக்கமாகச் சுற்றி வந்தாள். காலடிச் சத்தத்துக்கே மேலே வந்தன.

நாள் ஒன்பது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

வந்தன.

நாள் பதினொன்று. ஒன்றுக்குப் பாதி வால் இல்லை. சாய்ந்து சாய்ந்து நீந்தி, எல்லாவற்றுக்கும் கடைசியாக அதுவும் மேலே வந்தது. வாயைத் திறந்தது.

எழுத வேண்டும். பேனாவைத் தேடினாள்.

பிறகு பார்த்தால் தீனி அறைக்குள் நின்றிருந்தாள். எப்போது கதவைத் திறந்தாள் என்று தெரியவில்லை. வலது கை மூட்டைக்குள் இருந்தது. கை நிறையத் தீனி.

ஒரு கைதான்.

யாருக்கும் தெரியப்போவதில்லை. மரபணுவைத் தவிர.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தீனி மூட்டைக்குள்ளேயே விழுந்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளையும் தட்டிவிட்டாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

லூர்து அக்கா குழாயடியில் இருந்தார். பதினோரு நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

சாவியை அவர் முன் நீட்டினாள்.

“இன்னும் பத்து நாள் இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

லூர்து அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தார்.

கொஞ்சம் யோசித்தார்.

அதன் மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டார்.