மாடிக் கதவு

அப்பா செத்த பிறகும் வீடு அவர் குரலில்தான் பேசியது. ஒவ்வொரு கதவும் இரண்டு வழி சொல்லும். ஒன்றைத் தேர்ந்தால்தான் திறக்கும். மாடி அறைக்கு முதலில் போகிற பிள்ளைக்கே வீடு என்று உயில்.

"ஏல சுடலை, மாடிக்குப் போறியா, ஆபீஸ் ரூமுக்கா?"

மாடி எங்கே போய்விடும் என்று அண்ணன் சாவகாசமாக ஆபீஸ் ரூமுக்குள் போனான்.

"ஏட்டி செண்பகம், காப்பி போடுதியா, பாத்திரம் கழுவுதியா?"

எதைச் சொன்னாலும் அவளுக்கு அடுக்களைதான் திறந்தது. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மாடிக் கதவின் கீல்களைக் கழற்றினாள்.

"அப்படி ஒரு வழி நான் சொல்லலியே!"

"சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கையோட கொண்டு வந்தேன்."

கதவு தடாலென்று விழுந்தது. அதை மிதித்துப் படியேறினாள்.

கீழிருந்து அவசரமாகக் கேட்டது வீடு: "சரிட்டி, மாடிக்குப் போறியா?"

"நான் ஏறியாச்சுப்பா."