மாலாங்கின் ஸ்பூன்

"இல்லாத ஆளுக்கு ஒரு குழாயா? வாத்தியாரே, இந்தக் கணக்கை உங்க பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க!"

மேட்டுத்தெரு ஃபாபக்கரி போட்ட சத்தத்தில் இலவ மரத்தடியே அடங்கிப்போனது. உச்சியில் வெடித்த காய்களிலிருந்து பஞ்சு மட்டும், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது.

காம்பியா ஆற்றோரத்து அந்த ஊருக்கு வந்தவை மூன்று தண்ணீர்க் குழாய்கள். மேட்டுத்தெருவுக்கு ஒன்று, தோப்புத்தெருவுக்கு ஒன்று. மூன்றாவது, ஆள் அதிகமுள்ள தெருவுக்கு.

தலையை எண்ணினால் ஆயுசு குறையும் என்று வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். அதனால் கணக்கு வாத்தியார் சங்குங் போன வாரம் வீடு வீடாகப் போய், வீடே சேர்ந்து சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி, ஆளுக்கு ஒன்றாக வைத்த ஸ்பூன்களை எண்ணினார்.

மேட்டுத்தெரு 212. தோப்புத்தெரு 213.

கூடுதலான அந்த ஒரு ஸ்பூன் ஜாலிக்காவின் மகன் மாலாங்குடையது. ஸ்பெயினுக்கென்று படகேறி இரண்டு வருடம். ஒரு போன்கூட இல்லை.

"அவனுக்கு எதுக்கு குழாய்?" என்றான் ஃபாபக்கரி. "கடல்ல இல்லாத தண்ணியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உன் வாயில மண்ணு விழ!" ஜாலிக்கா எழுந்தாள். "எம்புள்ள வருவான். தினமும் அவன் ஸ்பூனைக் கழுவி வைக்கிறேன். நீயா வந்து கழுவுற?"

"அவனை எடுத்துட்டா சமம். சமம்னா ஓட்டு. தேர்தல்ல போடுற மாதிரி டிரம்முல ஆளுக்கொரு கோலியைப் போட்டுப் பார்த்துடுவோம்!"

"ஓட்டும் சமமாத்தான் விழும் தம்பி," என்று யாரோ சொன்னார்கள்.

சங்குங் மெதுவாகப் பேசினார். "வெளியூர் போனவன் திரும்பி வருவான்னு வீடு நம்பினா எண்ணணும். நம்பலைன்னா விட்டுடணும். இதை நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணதுதானே?"

ஃபாபக்கரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவன் மனைவி, எட்டு மாதக்காரி, மேட்டிலிருந்து இறங்கி ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமக்கிறாள். இந்த வாத்தியாரும் மேட்டுத்தெருக்காரர்தான். சொந்தத் தெருவுக்கே துரோகமா?

சட்டென்று ஒன்று பொறி தட்டியது.

"உங்க மகன் கௌசுவும் அதே படகுலதானே போனான்? அவனைச் சேர்த்தா நமக்கும் இருநூத்திப் பதிமூணு வரணுமே! எங்கே போச்சு அந்த ஸ்பூன்? கொடுங்க நோட்டை!"

பிடுங்கிப் புரட்டினான். தெருவின் கடைசி வீடு, வாத்தியார் வீடு. அப்பாவும் மகனுமாக இருந்த வீடு.

ஸ்பூன்: ஒன்று.

ஃபாபக்கரி நிமிர்ந்து பார்த்தான். சங்குங் விழுகிற பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் எங்கிருந்தோ அவருக்கு ஒரு போன் வந்ததும், அதற்குப் பிறகு மூன்று நாள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததும் அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தன.

ஒரே படகு.

"அதுல என்ன போட்டிருக்கு? எனக்கும் காட்டு." ஜாலிக்கா பக்கத்தில் வந்துவிட்டாள்.

நோட்டைப் பட்டென்று மூடினான். உள்ளே ஒரு துணுக்குப் பஞ்சு மாட்டிக்கொண்டது.

"ஒண்ணுமில்லக்கா. நான்தான் தப்பாக் கூட்டிட்டேன். குழாய் உங்க தெருவுக்குத்தான்."

"அடப்பாவி, விட்டுக்கொடுத்துட்டியே!" என்று மேட்டுத்தெருப் பெண்கள் கத்தினார்கள். அவன் தலை நிமிரவில்லை. நோட்டை வாத்தியாரின் மடியில் வைத்துவிட்டு, அவர் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டான்.

ஜாலிக்கா தோளில் விழுந்த பஞ்சைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

"வாத்தியார் கணக்கு என்னைக்குடா பொய் சொல்லியிருக்கு? என் மாலாங் வரட்டும். அந்தக் குழாயில முதல் குடம் அவன்தான் பிடிப்பான்."