புதுக் கேப்டன்

“நீங்க எப்ப ரிட்டயர் ஆகப் போறீங்க, அங்கிள்?”

சுக்கானைப் பிடித்திருந்த ஐயாசாமி திரும்பிப் பார்க்கவில்லை. பெர்மாஸ் ஜெயாவுக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து அந்தச் சொகுசுப் படகு கிளம்பி அரை மணிநேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கேட்டுவிட்டான்.

“கை கால் நல்லா இருக்கிற வரைக்கும் ஓட்டுவேன்,” என்றார்.

கேட்டவன் ரூபேந்திரன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சிங்கப்பூரில் கப்பல் எஞ்சின் வேலையாம். படகின் சொந்தக்காரரான டாக்டர் தம்பிராஜா காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, இவரும் நம்மோடு ஜொகூர் லாமா கோட்டைக்கு வருகிறார், படகை நன்றாகச் சுற்றிக் காட்டுங்கள் என்று சொன்னபோதே ஐயாசாமிக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இருந்தது. போன வாரம்தான் டாக்டர் என்றுமில்லாத அக்கறையாக, வயது என்ன ஆகிறது, குடியிருப்பது சொந்த வீடா வாடகையா என்றெல்லாம் விசாரித்தார். பதினாறு வருடமாகக் கேட்காத மனுஷன் இப்போது ஏன் கேட்கிறார்? பக்கத்துப் படகை ஓட்டிய மனோகரனையும் இப்படித்தான் குசலம் விசாரித்தார்கள். அடுத்த மாதமே ஓர் இளவட்டத்தைக் கொண்டுவந்து அவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். மனோகரன் இப்போது ஒரு ஃபேக்டரி வாசலில் காக்கிச் சட்டையோடு காவல் நிற்கும் ஜாகா வேலை பார்க்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் ஐயாசாமிக்கும் அந்த வாசல்தான் கதி.

பையன் விடுவதாக இல்லை. சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா என்று கேட்டான். வீடு எந்தப் பக்கம் என்றான். வீட்டில் யார் யார் என்றான். மகள் மட்டும்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஐயாசாமி வாயை மூடிக்கொண்டார். வேலையைப் பிடுங்க வந்தவனுக்கு வீட்டுக் கதை எதற்கு? எரிச்சலாக வந்தது. எரிச்சலைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

படகு ஜொகூர் ஆற்றுக்குள் நுழைந்தது. டாக்டர் முன்தளத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். போர்த்துக்கீசியர்கள் நொறுக்கிவிட்டுப் போன அந்தப் பழைய கோட்டையில் மிச்சமிருக்கும் மண்மேடுகளையும் கற்களையும் படம் பிடிக்க வேண்டுமென்று அவருக்கு வெகுநாள் ஆசை. தூரத்தில் கோட்டைத்துறை தெரிந்ததும் அவர் திரும்பினார்.

“ஐயாசாமி, கொஞ்ச நேரம் தம்பி ஓட்டட்டும் லா.”

இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஐயாசாமி பேசாமல் எழுந்து இடம் கொடுத்தார்.

துறைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் ஒரு சேற்றுத் திட்டு உண்டு. மழைக்காலம் தோறும் அது இடம் மாறும். வரைபடத்தை நம்ப முடியாது. இப்போது அது இருக்குமிடத்தை அந்தப் பக்கத்து மீனவர்கள் ஐயாசாமிக்குச் சொல்லியிருந்தார்கள். வலது கரையை ஒட்டிப் போனால் தப்பலாம். பையன் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தான்.

“இப்படியே நேரா போலாமா, அங்கிள்?”

ஐயாசாமி பதில் சொல்லவில்லை. நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. தரை தட்டினாலும் அரை மணியில் படகு தானாக மிதந்துவிடும், ஒரு கீறல்கூட விழாது. ஆனால் டாக்டரின் கண்ணெதிரே புதுக் கேப்டனின் மானம் கப்பலேறிவிடும். எல்லாம் யோசித்துத்தான் சும்மா நின்றார்.

பையன் வேகத்தைக் குறைத்தான். ஆழம் காட்டும் கருவியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஆழம் குறையுது, அங்கிள். ஏதாச்சும் சொல்லுங்க.”

ஐயாசாமியின் பொறுப்பில் இருந்த எந்தப் படகும் இதுவரை தரை தட்டியதில்லை. ‘வலது பக்கம் திருப்பு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நாக்கு நுனி வரை வந்தது. மனோகரனின் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டார்.

படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

டாக்டர் தடுமாறி எழுந்து ஓடி வந்தார். “அலமாக், என்ன இது? ஐயாசாமி, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

கேள்வி தன் பக்கமும் திரும்பும் என்று ஐயாசாமி யோசிக்கவே இல்லை. வேலை இன்றோடு போனது என்று நினைத்தார்.

“அவர் மேல தப்பில்ல, டாக்டர்,” என்றான் ரூபேந்திரன். “ஒதுங்கிப் போகச் சொன்னாரு. நான்தான் கேக்கல.”

டாக்டர் அவனைக் கண்டபடி கடிந்துகொண்டார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அரை மணியில் நீர் ஏறிப் படகு மிதந்தது. ஐயாசாமி கரையை ஒட்டி ஓட்டிப்போய்த் துறையில் கட்டினார். டாக்டர் இறங்கி மண்மேட்டின் மேல் ஏறிப் படம் எடுக்கத் தொடங்கினார்.

பையன் சரிவில், பாதி புதைந்திருந்த கோட்டைக் கல் ஒன்றின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தான். ஐயாசாமி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றார். அவமானமாக இருந்தது. அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

“தம்பி, திட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்கிட்டீங்க?”

ரூபேந்திரன் எழுந்து நின்றான்.

“அப்பாவுக்கு ஒருத்தர பிடிக்கலன்னா திட்ட மாட்டாரு, பேச்ச நிறுத்திடுவாருன்னு உங்க மக லோஷினி முன்னாலேயே சொன்னா, அங்கிள்,” என்றான். “வீட்டுப் பெரியவங்களோட வந்து பொண்ணு கேக்கறதுக்கு முன்னால, உங்களுக்கு என்னைப் பிடிக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான் போன வாரமே டாக்டர்கிட்ட விஷயத்தச் சொல்லிக் கெஞ்சி, இன்னைக்குக் கூட வந்தேன்.”