ராத்திரி குஸ்கா

ஞாயிறு இரவு மணி எட்டு. ஆம்பூரின் அந்த பிரியாணிக் கடைக்குச் சோபனாவும் வசந்தும் எப்போதும் காலையில்தான் வருவார்கள். இரவில் வந்ததே இல்லை. இந்த முறையாவது கரு தங்கியதா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் சொல்வார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

முன்பின் பார்த்திராத சர்வர் சிரித்தபடி வந்து, இரண்டு பிரியாணியோடு சின்னத் தட்டில் காரமில்லாத குஸ்காவும் வைத்தார்.

"இன்னாண்ணா, ஆள் மாத்தி வெச்சிட்டீங்களா?" என்றான் வசந்த்.

அவர் கல்லாவின் கீழிருந்து ஒரு குட்டி ஷூவை எடுத்து வந்தார். "நேத்து வுட்டுட்டுப் போய்ட்டீங்க."

கம்பெனியில் சோபனா தைப்பது ஆண்கள் ஷூ மட்டும். இதைத் திருப்பிப் பார்த்தாள். தையல் முடியும் இடத்தில் ஒரு சின்ன வளைவு. சூப்பர்வைசர் எவ்வளவு திட்டியும் அவள் விடாத பழக்கம். உள்ளே விரலை விட்டாள். இளஞ்சூடாக இருந்தது.

"பாப்பா எங்கக்கா, தூங்கிட்டாளா?"