ஆல்தோ வந்தால் பட் வராது

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கும் ரூபினாவின் மானம் கப்பலேறியது.

சங்கச் செயலாளர் என்ற முறையில் அவள் போட்டிருந்த அறிவிப்பு இதுதான்: "ஆல்தோ மோட்டார் இஸ் அண்டர் ரிப்பேர், பட் வாட்டர் வில் கம் அட் சிக்ஸ்."

உடனே இரண்டாம் மாடி ராமாமணி டீச்சரிடமிருந்து பதில். "ரூபினா, ஆல்தோ வந்தால் பட் வரக்கூடாது. ரெண்டுல ஒண்ணு போதும். எத்தனை வாட்டி சொல்றது?"

கணபதி ஏரியாவில் அந்தக் கட்டடத்தில் இருக்கிற அத்தனை குடும்பமும் பார்க்கிற குரூப். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "டீச்சர்னா டீச்சர்தான்!" என்று ஒரு புண்ணியவான் வேறு எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் மாடி தேஜஸ்ரீக்குச் சுருக்கென்றது. பேங்க்கில் அதிகாரி. குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அநியாயம் எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற ரகம்.

போன வாரமும் இதே கூத்துதான். வாட்ச்மேனைப் பாராட்டுவதாக நினைத்து, "ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்லி" என்று எழுதிவிட்டாள் ரூபினா. "ஹார்ட்லின்னா அவர் வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம். ஹார்ட்னு எழுது" என்று டீச்சர் பாடம் நடத்த, தன்மேல் என்ன புகார் என்று வாட்ச்மேன் ஒவ்வொரு வீடாக வந்து கேட்டுவிட்டுப் போனார், பாவம்.

கிணத்துக்கடவுப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இங்கிலீஷ் நடத்தி ரிட்டயர் ஆனவர் ராமாமணி டீச்சர். வேலை முடிந்தாலும் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகவில்லை என்று தேஜஸ்ரீ பல்லைக் கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். டீச்சரைக் குரூப்பிலிருந்தே நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறாள். போனில் எழுதியே வைத்துவிட்டாள். பாதி வீடுகளைப் பேசிச் சரிக்கட்டியும் ஆயிற்று. சம்பந்தப்பட்ட ரூபினா தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் ரூபினா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கால் வைத்த தேஜஸ்ரீ அப்படியே நின்றுவிட்டாள்.

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் ஒரு வெள்ளைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள் ரூபினா. இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக வந்து கொண்டிருந்தது. சரக்கு தாமதமானதற்குச் சமாதானமாக, ஆல்தோவில் ஆரம்பித்து நீளமாய் ஒரு வாக்கியம். அதில் மருந்துக்குக்கூட ஒரு பட் இல்லை.

பேசி முடித்துத் திரும்பினாள். "அட, தேஜு! வா கண்ணு, உக்காரு."

"அக்கா... உங்களுக்கு இவ்வளவு நல்லா இங்கிலீஷ் வருமாங்க்கா?"

"வராம? எக்ஸ்போர்ட் கம்பெனிக்காக வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசறதுதானே எம்பட பொழப்பே."

"அப்புறம் எதுக்குங்க்கா குரூப்புல அத்தனை தப்பு? அந்தம்மா உங்களை இந்த வாங்கு வாங்கறாங்க. நான் அவங்களைத் தூக்கச் சொல்லித் தீர்மானமே எழுதிப்போட்டேன்!"

ரூபினா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த வேலை மட்டும் பண்ணிப்போடாத தேஜு. நீ குடிவர்றதுக்கு முன்னாடி, அவங்க ஊட்டுக்காரர் லட்சுமணசாமி சார் தவறிட்டாரு. கொழந்தைங்களும் இல்ல. அதுக்கப்பறம் டீச்சர் கதவையே தொறக்கல. சோறு கொண்டுட்டுப் போனா, 'வாசல்ல வெச்சுட்டுப் போ அம்மணி'ன்னு உள்ள இருந்து ஒரு கொரலு. அவ்வளவுதான்."

"அய்யோ..."

"ஒருநா அவசரத்துல, நெசமாலுமே தப்பா ஒரு மெசேஜ் போட்டுட்டேன். அழிக்கறதுக்குள்ள டீச்சர்கிட்ட இருந்து பதில் வந்துபோச்சு. சார் போனதுக்கப்பறம் குரூப்புல அவங்க எழுதின மொதல் வரி அதுதான். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அதுக்காக ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? அடுத்த நோட்டீஸைக் கீழ போர்டுல தப்பா எழுதி ஒட்டினேன். திருத்தறதுக்கு எறங்கி வந்துதானே ஆகோணும்? வந்தாங்க. அப்படியே சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சாங்க. இப்ப காய்க்காரர்கிட்டப் பேரம் பேசற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. எனக்கு மானம் போனாப் போகுது, உடு."

எவ்வளவு பெரிய பாவத்தைச் செய்ய இருந்தோம் என்று தேஜஸ்ரீக்கு உடம்பே கூசியது. தீர்மானத்தை அங்கேயே அழித்தாள்.

அவளைத்தான் தெரியுமே, நல்ல காரியம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். வீட்டுக்கு வந்த சூட்டோடு குரூப்பில் ஒன்றைத் தட்டிவிட்டாள்:

"ஈவன் தோ லிஃப்ட் இஸ் ஒர்க்கிங் ஹார்ட்லி, பட் இட் இஸ் ஸ்லோலி, பிகாஸ் ஸோ யூஸ் ஸ்டெப்ஸ் குயிக்."

குரூப்பில் மூச்சுப் பேச்சில்லை. பேங்க் அதிகாரிக்கு என்ன ஆயிற்று என்று கட்டடமே முழித்திருக்க வேண்டும். டீச்சரிடமிருந்தும் பதில் இல்லை. தேஜஸ்ரீ போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள் எண்ணுக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியது ராமாமணி டீச்சர்தான்.

"கண்ணு, ரூபினா மெசேஜுக்கு ஒரு தப்புத்தான் வெப்பா. அவ மனசு நோகக் கூடாதுன்னு நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி திருத்திக்கிட்டு இருக்கேன். நீ ஒரே வரியில இத்தனை வெச்சா, நான் எப்படி நடிக்கறது?"