ஒரே கை

"உண்மையைச் சொல்லுங்க மேடம். சாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வெளிவந்த இந்தப் புத்தகத்தை நீங்கதான் எழுதினீங்கன்னு புகார் வந்திருக்கு. நிஜம்னா விருது ரத்து," என்றார் விருதுக்குழு அனுப்பிய கணிதப் பேராசிரியர்.

"நான் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கறவ. இலக்கிய ஆராய்ச்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

சக்கர நாற்காலியில் இருந்த அவள் கணவர், பெயர்பெற்ற இலக்கிய ஆய்வாளர், தலைகுனிந்தார்.

பேராசிரியர் சிரித்தார். "பயப்படாதீங்க. சாரோட பழைய பதினோரு புத்தகத்தோட இதையும் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்த்துட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாதிரி. பன்னிரண்டும் ஒரே ஆள் எழுதினதுதான். விருது சாருக்கே!"

அவள் பெருமூச்சு விட்டாள்.

பேராசிரியர் விருதை ஏற்கும் சம்மதக் கடிதத்தையும் பேனாவையும் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"உங்க கணக்கு சரிதான் தம்பி," என்றார் குழறிய குரலில். "பேனாவை இவகிட்ட குடுங்க. பன்னிரண்டையும் எழுதினவ இவதான்."